பதினேழு கொக்குகள்

மலருக்கும் அருணுக்கும்,

அம்மாவின் பழைய போனைச் சார்ஜ் போட்டு நோண்டிக்கொண்டிருந்தபோது அருண் ஒரு படத்தைக் கண்டுபிடித்தான். மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கின் வெளிச்சுவரில் நானும் என் ஆசானும் வரைந்த தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் மீன் விற்கிற நான்கு பெண்கள். அவர்களைச் சுற்றிப் பதினேழு கொக்குகள். அவன் எண்ணியே விட்டான். மறுநாள் டியூஷன் போகிற வழியில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இப்ப ஒரே ஒரு கொக்குதான் நிக்குது. மத்த பதினாறும் எங்கே போச்சு?" என்று கேட்டான்.

"பறந்து போயிருச்சு" என்றேன்.

மலர் பார்த்த பார்வையில், அப்பா எதையோ மறைக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. இப்போது தோள் தூக்க முடியாமல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத நேரம் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் படிக்க வருகிற மாதிரித் தமிழ் வராது. மெல்ல எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அவசரமில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சங்கரன்கோயில் பக்கமிருந்து கொச்சிக்கு வந்து, தேவராவில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற கூட்டத்தில் இரண்டு வருஷம், தோப்பும்படியில் மீன்பிடி போட்டுகளுக்குப் பெயர் எழுதுவதில் நான்கு வருஷம் போயின. அப்படி ஒரு போட்டில் நான் எழுதிய பெயருக்குக் கீழே சும்மா ஒரு நெத்திலிக் கூட்டம் வரைந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலாயுதன் ஆசான் என்னைத் தேடி வந்தார். "இந்த மீன் எல்லாம் ஒரே திக்குக்குப் போகுது, ஆனா ஒண்ணு மட்டும் திரும்பிப் பாக்குது. எதுக்கு?" என்று கேட்டார். "தெரியலை, அப்படி வந்துருச்சு" என்றேன். "செரி, நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ.

ஆசானும் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரி. அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். ஆள் குள்ளம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் ஒரு கரித்துண்டைச் செருகியிருப்பார். பாராட்டே தெரியாது. வேலை பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாயா வாங்கிக் கொடுப்பார். பிடிக்காவிட்டால் சாயா குடிக்கத் தனியாகப் போய்விடுவார். இப்படி நான் பார்க்கப் பார்க்க அவர் மட்டும் தனியாகச் சாயாக் கடைக்கு நடந்த நாட்கள் நிறைய உண்டு.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சுவரையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார். சிரிக்காதே அருண். கொச்சியில் தரைக்கடியில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அது சுவருக்குள் ஏறி, வெயிலில் காயும்போது தண்ணீர் மட்டும் போய்விட, உப்பு வெளியே பூத்து வரும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் பூரிமாதிரி உப்பிப் பொட்டுப் பொட்டாக உதிர்ந்துவிடும். அதனால் சாயா குடிப்பதற்கு முன்னால் காலையில் வர வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்புளிக்க வேண்டும். பிறகு கணுக்கால் உயரம், முட்டி உயரம், இடுப்பு உயரம் என்று மூன்று இடத்தில் மேல் தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உள்ளே இருக்கிற பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். உப்புக் கரித்தால் சுவருக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் படம். இப்போது இளம்பிள்ளைகள் சுவரில் குத்திப் பார்க்க ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறார்கள். அது கீச்சென்று கத்தி ஈரத்தைச் சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றும்: அந்த மெஷின் நெல்லிக்காய் தின்னாது.

நெல்லிக்காய் ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

அந்தக் கிடங்குக்கு எதிரே சாலையோரத்தில் நிஜமாகவே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழலில்தான் மீன்காரப் பெண்கள் கூடை வைத்து விற்பார்கள். ஓடையை அகலப்படுத்தியபோது மரத்தை வெட்டிவிட்டார்கள். பெண்கள் சாலையைத் தாண்டி, சுவரடிக்கு வந்து குடை விரித்து உட்கார்ந்தார்கள். வட்டாரத்து ஆட்கள் சேர்ந்து, அந்தச் சுவரில் ஒரு படம் வரையலாம் என்று முடிவுசெய்து ஆசானைக் கூப்பிட்டபோது, என்ன படம் என்பதை அந்தப் பெண்களிடமே கேட்கச் சொன்னார் ஆசான். அவர்கள் ஒரே குரலில் மரத்தைத்தான் கேட்டார்கள். மற்றவர்கள் பறவையும் பூங்கொடியும் கேட்டார்கள்; அவை வேண்டாமென்று ஆயிற்று.

சுவரைச் சோதிக்கிற நாளில் ஆசானுக்குச் சரியான ஜலதோஷம். "எனக்கு நாக்கு மரத்துப் போயி. நீ நக்கு" என்றார். நான் அன்றைக்குத் தாமதமாக ஓடிவந்திருந்தேன். வழியில் வண்டிக்காரர் கண்ணாடி ஜாடியில் உப்பிலிட்ட நெல்லிக்காய் வைத்திருந்தார். இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்று ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆசான் பார்க்காதபடி கொட்டையைத் துப்பினேன். வாய் கொப்புளிக்கவில்லை. ஆசான் எதிரில் கொப்புளித்தால் நெல்லிக்காய்ச் சக்கை வெளியே வந்து, தின்றுவிட்டு வந்தது தெரிந்துவிடுமே; வரும்போதே கொப்புளித்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். மூன்று இடத்திலும் சுரண்டி நாக்கில் வைத்தேன். நெல்லிக்காய் உப்பு ஊறிப்போன நாக்குக்குச் சுவரின் உப்பு எங்கே தெரியும்?

"உப்பு இல்லே ஆசானே" என்றேன்.

"மூணு இடத்திலும்?"

"மூணு இடத்திலும்."

அவர் என் வார்த்தையை நம்பினார்.

வேலை தொடங்கியது. நூலில் நீலம் தடவிச் சுவர் முழுக்கக் கட்டம் அடித்தோம். ஆசான் மூங்கில் குச்சி நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று கிளைகளை இழுத்தார். இலை போடுகிற இடத்தில் ஒரு தகராறு வந்தது. தூங்குமூஞ்சி இலை காலையில் விரிந்திருக்கும், சாயங்காலம் மடிந்துவிடும். எதைப் போடுவது? "மீன் விக்கிறது காலையிலேதானே, விரிஞ்ச இலை போடு" என்று மீன் விற்கிற நபீசா இத்தா சொன்னார். "மழை மூட்டம் போட்டாலும் மடங்குமே, அதுக்கு ஒரு கிளை விடு" என்றார் இன்னொருவர். கடைசியில் மேற்குப் பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும் இலைகள் மடிந்திருக்கும்படி போட்டோம். இப்போதும் போய்ப் பாருங்கள்.

மரத்தடியில் நான்கு பெண்களையும் அவரவர் முகத்தோடு வரைவது என்று ஏற்பாடு. மூன்று பேர் உடனே சம்மதித்தார்கள். ரோசிலி சேச்சி மட்டும் மாட்டேன் என்றார். அவர் பேசுவது மலையாளம். நான் தமிழாக்கி எழுதுகிறேன், ருசிக்குக் கொஞ்சம் அப்படியே விட்டுவைத்து.

"எடா முருகா, சுவத்துல படம் மாட்டறது யாருக்கு? செத்தவங்களுக்கு. என் வீட்டுச் சுவத்துல என் அப்பச்சன், அம்மச்சி, என்னைக் கெட்டியோன் மூணு பேரும் வரிசையா இருக்காங்க. அடியிலே லைட்டு எரியுது. நாலாவதா நான் ரோட்டுல தொங்கணுமா?"

"சேச்சி, மாலை போடமாட்டோம். மீன் கூடைதான் போடுவோம்" என்றார் ஆசான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டா வேலாயுதா."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே வந்தார். ஒரே நிபந்தனை. "செத்தவங்க போட்டோ எதுலயும் வாய் மூடித்தான் இருக்கும். என் வாய் திறந்திருக்கணும். மத்தி மத்தின்னு கூவுற மாதிரி. பாக்கிறவனுக்குச் சத்தம் கேக்கணும்."

அப்படியே ஆசான் வரைந்தார். தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து, கழுத்து நரம்பு தெரிய, வாய் நன்றாகத் திறந்து. மேல்வரிசையில் அவருக்கு ஒரு பல் இல்லை. அதையும் விடவில்லை. சேச்சி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "இவ யாரு, இப்படிக் கத்தறா? நாட்டுக்காரங்களுக்கு நாணமில்லையா?" என்று சொல்லிவிட்டுத் தன் கூடையைத் தூக்கி, சரியாகத் தன் படத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்துகொண்டார். அன்று எனக்கு ஆசான் சாயா வாங்கிக் கொடுத்தார். கூடவே எண்ணெயில் பொரித்த ஒரு பழம்பொரியும்.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் வெளிச்சுவர் வேலை இல்லையென்பதால் ஆசான் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு உள்சுவர் வரையப் போனார். "வாரத்துக்கொரு தடவை சுவரைப் பாத்துக்கோ" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

முதல் மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தது. போய்ப் பார்த்தேன். மரத்தின் வேருக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு, பஞ்சுமாதிரி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டேன். பெயிண்ட் கையோடு வந்தது. விரலை நாக்கில் வைக்கவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் வைத்தேன்.

அப்போது பாலக்காட்டுக்கு ஒரு போன் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் பயம். மலர் அப்போது எல்.கே.ஜி. ஆசானைவிட்டால் எனக்கு மறுபடி வெள்ளையடிக்கிற வேலைதான். அதைவிடப் பெரிய பயம், அவர் என்னைப் பார்த்து, "மூணு இடத்திலும்?" என்று இன்னொரு தடவை கேட்பாரே என்பது. பை நிறைய வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, மேலே ஒரு கொக்கு வரைந்தேன். மீன் இருக்கிற இடத்துக்குக் கொக்கு வருவது இயற்கைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொக்கே வெள்ளை என்பதால் மறுபடி உப்புப் பூத்தாலும் இறகு சிலிர்த்த மாதிரி இருக்கும்.

அடுத்த வாரம் இரண்டு கொக்கு. அதற்கடுத்து ஐந்து. மழை, வெயில், கொக்கு. மழை, வெயில், கொக்கு. மீன்காரப் பெண்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

"எடா, உன் கொக்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குதா?" என்றார் ரோசிலி சேச்சி.

"அழகுக்காகச் சேச்சி."

"அழகெல்லாம் சரி. இத்தனை கொக்கு நின்னா என் கூடையிலே மீன் மிஞ்சுமா? பாக்கிறவன் மீன் வாங்குவானா, கொக்கு வாங்குவானா?"

நபீசா இத்தா கூடையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துச் சுவரிலிருந்த கொக்கின் அலகுப் பக்கம் நீட்டி, "இந்தா மோனே, பட்டினி கிடக்காதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொக்குகள் பதினேழு ஆன அன்றைக்குத்தான் உங்கள் அம்மா மலரைக் கூட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்தாள். படத்தின் ஓரத்தில் மஞ்சள் குடையோடு நிற்கிறது நீதான், மலர். "கொக்கு ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள் அம்மா. நான் வெள்ளைப் பெயிண்ட் இருந்த பையைக் காலால் பின்னால் தள்ளினேன்.

பதினேழாவது கொக்கு வரைந்த பிறகு வந்த திங்கட்கிழமை, உப்பு ரோசிலி சேச்சியின் முகத்துக்கு வந்துவிட்டது. திறந்த வாயின் இடது ஓரத்தில், நுரை தள்ளுகிற மாதிரி வெள்ளையாக. நான் போகும்போது சேச்சி இன்னும் வரவில்லை. கையில் பிரஷ் இருந்தது. வெள்ளையும் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கொக்கை நிறுத்தலாம். ஆனால் கொக்கு நின்றால் வாய் மறையும். உயிரோடு இருக்கிறவள் என்பதற்கு அந்தப் பெண் கேட்ட ஒரே அடையாளம் அந்த வாய். அதை மூடிவிட்டுப் பதினெட்டாவது கொக்கு வரைய எனக்குக் கை வரவில்லை. மறைக்காமல் விட்டாலோ, இரண்டு வாரத்தில் முகமே உரிந்து தொங்கும். தன் முகம் சுவரிலிருந்து உதிர்வதைத் தினமும் அதன் அடியில் உட்கார்ந்து அவர் பார்க்க வேண்டும். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு ஆசானுக்குப் போன் போட்டேன்.

"சுவரு உப்புப் பூத்திருக்கு ஆசானே. வாங்க" என்றேன். மற்றதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் ரயிலில் வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. கொக்குகளை எண்ணுகிறார் என்று புரிந்தது. பிறகு சாலையைத் தாண்டி வந்தார். குழாயில் மூன்று தடவை வாய் கொப்புளித்தார். எனக்கு மிகப் பக்கத்திலிருந்த கொக்கின் வயிற்றில் விரலை வைத்துத் தேய்த்து, நாக்கில் வைத்துத் துப்பினார்.

"கொக்கு உப்பாயிட்டு இருக்கு" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, நெல்லிக்காய், கொட்டை துப்பியது, வாய் கொப்புளிக்காதது, ஒவ்வொரு வாரக் கொக்கும். அவர் சத்தம் போடவில்லை. "நெல்லிக்காய் தின்னது தெற்றில்லே. எல்லாரும் தின்னும். கொக்கு வரைஞ்சியே, அதுதான் தப்பு" என்றார். பிறகு, "உப்பு ஏறின உயரத்துக்கு ஓரடி மேலே வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுக்கணும். சேச்சியோட முகமும் போகும். உயிரோட இருக்கிற ஆளோட முகத்திலே கேக்காம உளி வைக்கக்கூடாது. நீ போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். தனியாக.

சேச்சி ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சுவரில் உப்பு இருந்தது. நான் இல்லையென்று பொய்யாகச் சொல்லிவிட்டேன். அதை மறைக்கத்தான் கொக்குகள். இப்போது உங்கள் முகத்தை உடைக்க வேண்டும். திரும்ப வரைந்து தருவோம்.

அவர் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வாயோரத்து நுரையையும் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"உளி எங்கே?" என்றார்.

கொடுத்தேன்.

"வேற ஒருத்தன் என் மூஞ்சியிலே உளி வைக்க வேண்டா. நானே வைக்கிறேன்."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையில் உளியும் வலது கையில் சுத்தியுமாக, தன் மூக்கின் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். பூச்சு பாளமாகப் பெயர்ந்து கூடைக்குப் பக்கத்தில் விழுந்தது. சேச்சி தன் சொந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்கலையே!" என்றார்.

நபீசா இத்தாதான் முதலில் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமை. சிவப்பு வெட்டுக்கல் தெரிகிறவரை பூச்சைக் கொத்தினோம். தண்ணீர் விடாமல், காய்ந்த பிரஷாலேயே உப்பைத் தட்டி எடுத்தோம். மழைத்தண்ணீரில் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கிக் கல்லின் மேல் அப்பினோம். அது காயக் காயக் கல்லுக்குள் இருக்கிற உப்பைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அப்பளம் மாதிரி உரித்துப் போடலாம். அப்படி ஏழு தடவை. பிறகு சிமெண்ட் ஒரு கரண்டிகூடச் சேர்க்காமல் சுண்ணாம்பும் மணலும் மட்டும் வைத்துப் பூச்சு. ஓணம் போயிற்று. சுவர் பாதி மொட்டையாக, மேலே மரமும் கீழே வெறும் பூச்சுமாக நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் ஆசான் மூன்று இடத்தில் நாக்கு வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடமும் கத்தியைக் கொடுத்தார். நான் வாய் கொப்புளித்தேன், மூன்றுக்கு ஐந்து தடவையாக. உப்பு இல்லை. நான் சொன்னதை அவர் மறுபடியும் கேட்கவில்லை.

முகங்களை ஆசான் வரைந்தார். ரோசிலி சேச்சியின் முகத்துக்கு வந்தபோது கண் வரைக்கும் போட்டுவிட்டு இறங்கி, "வாயை நீ போடு" என்று கரித்துண்டை என்னிடம் நீட்டினார். போட்டேன். சேச்சி எதிரில் நின்று எனக்காக அரைமணி நேரம் மத்தி மத்தி என்று கூவினார். அன்றைக்கு மத்தியே வரவில்லை. வாங்க வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்ததும், "கொக்கு?" என்று சேச்சி கேட்டார்.

"கொக்கெல்லாம் வேண்டா" என்றார் ஆசான்.

"ஒண்ணு இருக்கட்டும் வேலாயுதா. பாவம், அதுக்கும் பசிக்குமில்லே. இவனுக்கும் ஞாபகம் இருக்கும்."

அருண், அந்த ஒன்றுதான் நீ பார்த்தது.

ஆசான் இப்போது இல்லை. அதற்கப்புறம் அவரோடு எத்தனையோ சுவர் வரைந்தேன். பள்ளிக்கூடம், படகுத்துறை, ஆஸ்பத்திரி. எங்கேயும் எனக்குச் சுவரின் ருசி தெரியாமல் போனதில்லை. ஆனால் பெரிய காவல் அந்தக் கிடங்குச் சுவருக்குத்தான். அன்று முதல் மீன் கழுவின தண்ணீரையும் ஐஸ் உருகின தண்ணீரையும் யாரும் சுவரடியில் ஊற்ற முடியாது. அதுவரை எல்லோரும் அங்கேதான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாராவது மறந்துபோய்ச் சட்டியைத் தூக்கினால் சேச்சியின் சத்தம் படகுத்துறை வரைக்கும் கேட்கும்: "என் மூஞ்சியிலே ஊத்தாதேடா!"

போன வாரம், இதை எழுத உட்காருவதற்கு முன்னால், அங்கே போய்விட்டு வந்தேன். சேச்சி இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சுவரிலிருக்கிறவளுக்குக் கறுப்பு முடி, அதே ஓட்டைப் பல், அதே கூச்சல். "பாரு, அவளுக்கு மட்டும் வயசே ஆகலை. அசூயையா இருக்கு" என்றார். நான் சிரித்துக்கொண்டே குனிந்து, கொக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் சுரண்டி, விரலை நாக்குக்குக் கொண்டுபோனேன்.

"நில்லுடா!" சேச்சி தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "முதல்ல வாயைக் கொப்புளி. உன் நாக்கை நம்பமுடியாது."

மூன்று முறை கொப்புளித்துவிட்டு வைத்துப் பார்த்தேன்.

"எந்தா மோனே?"

"உப்பு ஒண்ணும் இல்லை சேச்சி" என்றேன்.